திகில் படத்தில் துணை நடிகர்: திருகோணமலையிலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரு திகில் படத்தில் பேய் திரையில் நிற்கும் நேரம் மிகக் குறைவு. மீதி நேரமெல்லாம் அதைக் கண்டவர்கள், அதன் சத்தத்தைக் கேட்டவர்கள், அதைப் பற்றிப் பேச மறுப்பவர்கள்தாம் நம் முன்னால் இருக்கிறார்கள். இரவுக் காவலாளி, பக்கத்து வீட்டு ஆச்சி, வீட்டை வாடகைக்குக் காட்டும் தரகர், கிணற்றடியில் கடைசியாகக் காணப்பட்ட தம்பி என்று அந்த வரிசை நீளும். இவர்களில் அநேகர் துணை நடிகர்கள். கதாநாயகன் கடைசிக் காட்சிவரை உயிரோடு இருப்பான் என்பது டிக்கெட் எடுக்கும்போதே எல்லோருக்கும் தெரியும். துணைப் பாத்திரத்துக்கு அந்த உறுதி கிடையாது; அடுத்த கதவுக்குப் பின்னால் அவர் கதை முடிந்துவிடலாம். பார்வையாளரின் பயம் அதனால்தான் துணை நடிகர்களாகிய நம்மேல் வந்து ஒட்டிக்கொள்கிறது. படத்தின் பயத்தைச் சுமப்பவர் துணை நடிகர் என்று நான் உறுதியாக நம்புகிறேன். இந்த வழிகாட்டி முழுவதும் அந்த நம்பிக்கையிலிருந்து எழுதப்பட்டது.

திருகோணமலையிலும் சுற்றுவட்டாரத்திலும் எடுக்கப்பட்ட குறும்படங்களிலும் சிறு முதலீட்டுப் படங்களிலும் காவலாளியாக, பிணமாக, சந்தேக நபராக, பேய் பிடித்த பெண்ணின் அண்ணனாக நடித்திருக்கிறேன். இங்கே பெரிய படப்பிடிப்பு அரங்கமோ கணினி வரைகலைக்குப் பணமோ இல்லை. இருட்டும் கடற்காற்றும் நடிகரின் முகமும் இருக்கின்றன. அந்த முகத்தோடு எப்படி வேலை செய்வது என்பதை, அழைப்பு வரும் நாள் முதல் ஒப்பனை கலைத்து வீடு திரும்பும் நேரம்வரை எழுதுகிறேன்.

முதற்படி: கதையில் உங்கள் வேலையைக் கண்டுபிடியுங்கள்

திரைக்கதை கைக்கு வந்ததும் உங்கள் வசனங்களை எண்ண வேண்டாம். முழுக் கதையையும் வாசியுங்கள். உங்கள் பாத்திரத்தை எடுத்துவிட்டால் பார்வையாளருக்கு எது தெரியாமல் போகும் என்று பாருங்கள். அந்தத் தகவலோ உணர்ச்சியோ எதுவோ, அதுதான் உங்கள் வேலை.

எச்சரிக்கை செய்பவராக வருகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். "அந்த வீட்டுக்குப் போகாதீர்கள்" என்ற வசனத்தைக் கண்ணை உருட்டிச் சொல்பவரை யாரும் நம்புவதில்லை. அந்தக் காவலாளிக்கு நேரமாகிவிட்டது, கேற்றைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போக வேண்டும், மனைவி சமைத்து வைத்திருக்கிறாள். அந்த அவசரத்தில் அவர் சொல்லட்டும். சாதாரணத் தேவை ஒன்று உள்ள மனிதன் சொல்லும்போதுதான் எச்சரிக்கை நெஞ்சில் இறங்கும்.

எதையும் நம்பாதவராக வந்தால், அவருடைய அவநம்பிக்கை நியாயமாக இருக்க வேண்டும். காற்று, எலி, பழைய கதவு என்று அவர் சொல்லும் காரணங்களைப் பார்வையாளரும் ஒரு கணம் ஏற்க வேண்டும். அப்போதுதான் அவரே ஒரு நாள் வாயடைத்து நிற்கும்போது படத்தின் எடை மாறும்.

முதலில் சாகும் பாத்திரத்தைப் பலரும் சின்ன வேலை என்று நினைக்கிறார்கள். எனக்கு அது மிகவும் பிடித்த வேலை. மிகக் குறைந்த நேரத்தில் பார்வையாளருக்கு உங்களைப் பிடித்துப் போக வேண்டும். அதற்கு ஒரு வழி, அந்தப் பாத்திரத்துக்கு ஒரு நாளையை வைத்துக்கொள்வது. நாளை விடியப் படகு வாங்கப் போகிறான், அக்காவின் பிள்ளைக்குச் சைக்கிள் வாங்கிக் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறான். வசனத்தில் அது இல்லாவிட்டாலும் உங்கள் மனத்தில் இருந்தால் நடையில் தெரியும்.

மர்மப் படம் என்றால் கணக்கு வேறு. சந்தேக நபராக நடிப்பவர் இயக்குநரிடம் முதலில் கேட்க வேண்டியது, "கொலையைச் செய்தது நானா?" சில இயக்குநர்கள் நடிகருக்கும் முடிவைச் சொல்ல மாட்டார்கள். அப்போது இரண்டு காரணங்களைத் தயார் செய்யுங்கள்: குற்றவாளியாக இருந்தால் இந்தக் கேள்விக்கு ஏன் தயங்குகிறேன், நிரபராதியாக இருந்தால் ஏன் தயங்குகிறேன். இரண்டுக்கும் பொருந்தும் ஒரே தயக்கத்தைக் கண்டுபிடித்தால் நீங்கள் வென்றுவிட்டீர்கள். நிரபராதியான சந்தேக நபர் "நான்தான் திருடன்" என்று முகத்தில் எழுதி வைத்துக்கொண்டு வந்தால், பிறகு உண்மை வெளிப்படும்போது பார்வையாளர் ஏமாற்றப்பட்டதாக உணர்வார். அவர் மறைப்பது கொலையாக இல்லாமல் கடனாகவோ காதலாகவோ இருக்கலாம். அந்த உண்மையான வெட்கத்தை நடியுங்கள். சந்தேகம் தானாக வரும்.

1954இல் எஸ். பாலசந்தர் இயக்கிய 'அந்த நாள்' படத்தை இதற்காகவே பார்க்கச் சொல்வேன். பாடலே இல்லாத படம். கொலை ஒன்றை விசாரிக்கும்போது ஒவ்வொருவரும் தன் பார்வையில் நடந்ததைச் சொல்கிறார்கள். துணைப் பாத்திரங்கள் ஒவ்வொன்றின் சந்தேகமும் நிற்காவிட்டால் அந்தப் படமே நிற்காது.

பேச வேண்டியதைத் தாளில் பேசுங்கள்

சம்பளம், போக்குவரத்து, சாப்பாடு, இரவுப் படப்பிடிப்பு முடிந்ததும் வீட்டில் கொண்டுபோய் விடுவது, டப்பிங்குக்குத் தனிப் பணம் உண்டா, பெயர்ப் பட்டியலில் பெயர் எப்படி வரும். இவ்வளவையும் ஒரு தாளில் எழுதி இரு பக்கமும் கையெழுத்திடுங்கள். நண்பர்கள் சேர்ந்து எடுக்கும் படம் என்றாலும் எழுதுங்கள். பெண் நடிகர்களுக்கு உடை மாற்றப் பூட்டக்கூடிய அறையும் கழிப்பறையும் துணைக்கு ஒருவரும் கட்டாயம் வேண்டும். பாழடைந்த வீட்டில் படப்பிடிப்பு என்றால் இவை அங்கே இருக்காது. அருகில் எந்த வீட்டில் ஏற்பாடு என்று முன்னமே கேளுங்கள்.

இடத்தைப் பகலில் போய்ப் பாருங்கள்

நீங்கள் நடிக்கப்போகும் இடத்தைக் கட்டாயம் ஒரு முறை பகலில் நடந்து பாருங்கள். படி எங்கே உடைந்திருக்கிறது, கிணற்றுக்குக் கட்டு உண்டா, எந்தச் சுவரில் ஆணி நீட்டிக்கொண்டிருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். போர்க்காலத்தில் கைவிடப்பட்ட கட்டடங்களும் அவற்றைச் சுற்றிய பற்றைகளும் இந்த மாவட்டத்தில் இன்னும் இருக்கின்றன. கமராவுக்கு அவை அழகாகத் தெரியும். அயலில் இருப்பவர்களிடமும் கிராம அலுவலரிடமும் கேட்காமல் அங்கே கால் வைக்க வேண்டாம். பாம்புக்காக இரண்டு டோர்ச்சுகளும் நீளக் காலணியும் வேண்டும். யாரிடம் வாகனம் இருக்கிறது என்பது படக்குழுவில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். 1990 என்ற சுவசெரிய அம்புலன்ஸ் எண்ணை எல்லோர் கைபேசியிலும் பதிந்து வையுங்கள்.

வெளியிலிருந்து வரும் குழுக்களுக்குத் திருகோணமலை என்றதும் கோட்டையும் சுவாமி மலைப் பாறையும் சீனன்குடாவின் எண்ணெய்த் தாங்கிகளும்தான் கண்ணில் படும். பிரட்ரிக் கோட்டைக்குள் இராணுவ முகாம் இருக்கிறது; கோணேசர் கோயிலுக்குப் போகும் பாதையும் அதற்குள்ளேதான் செல்கிறது. பக்தர்கள் நடக்கும் பாதையில் இரத்தம் பூசிய முகத்தோடு நிற்பது முறையில்லை, அனுமதியும் எளிதில் கிடைக்காது. பிரித்தானியர் கட்டிய அந்த எண்ணெய்த் தாங்கிகள் 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானத் தாக்குதலைக் கண்டவை. அங்கேயும் நினைத்த நேரத்தில் நுழைய முடியாது. கடற்படையும் இராணுவமும் நிறைந்த ஊர் இது. பொம்மைத் துப்பாக்கியோடோ சீருடை போன்ற உடையோடோ வீதியில் இறங்குவதற்கு முன் பொலிஸ் நிலையத்துக்கு எழுத்தில் அறிவித்திருக்க வேண்டும். அனுமதிக் கடிதத்தின் பிரதி ஒன்றைக் கேட்டு வாங்கி உங்கள் பையிலும் வைத்துக்கொள்ளுங்கள். இருட்டில் நிறுத்திக் கேள்வி கேட்கப்படுபவர் இயக்குநராக இருக்க மாட்டார். உடையோடு நிற்கும் நீங்கள்தான்.

ஒளியைப் பற்றி ஒரு குறிப்பு. நம் கடல் கிழக்கே இருக்கிறது. சூரியன் நிலத்தின் பக்கம் மறைகிறது. மறைந்த பிறகு அந்த நீல வெளிச்சம் ஏறத்தாழ இருபது நிமிடம்தான் நிற்கும். திகில் படக்காரர்கள் எல்லோரும் அந்த வெளிச்சத்துக்குத்தான் அலைவார்கள். ஆகவே மாலைக் காட்சி என்றால் நான்கு மணிக்கே ஒப்பனை முடித்து, நகர்வுகளை ஒத்திகை பார்த்துத் தயாராக நில்லுங்கள். அந்த நேரத்தில் வசனம் தேடும் துணை நடிகரால் ஒரு நாள் படப்பிடிப்பே வீணாகும். பௌர்ணமி நாளில் சூரியன் மறையும் வேளையில் நிலா கடலிலிருந்து எழும். இயக்குநர் அதற்காகத் திகதி குறித்திருந்தால் அன்று தாமதத்துக்கு இடமே இல்லை.

ஒக்டோபருக்குப் பிறகு மழைக்காலம். வாடைக்காற்றும் இருண்ட வானமும் காட்சிக்கு உதவும். ஈரத்தில் மின்கம்பி உயிரை எடுக்கும். ஜெனரேட்டர் அருகே ஈரக் காலோடு நிற்க வேண்டாம். நடுவருடத்தில் அடிக்கும் கச்சான் காற்று வேறு விதமான தொல்லை: மைக்கில் குரலைவிடக் காற்றுத்தான் விழும், கண்ணுக்குள் மணல் போகும்.

பயம் உடலில் எங்கே தொடங்குகிறது

இந்தப் பகுதியைத்தான் நான் அதிகம் சொல்ல ஆசைப்படுகிறேன்.

திடுக்கிடுவதும் பயப்படுவதும் இரண்டு வேலைகள். திடுக்கிடுவது உடல் தானாகச் செய்வது. சத்தம் கேட்டதும் முதலில் இமை மூடும், பிறகு கழுத்து முன்னால் வந்து தோள் உயரும், முழங்கை மடங்கும், முழங்கால் தளரும். எல்லாம் ஒரு நொடிக்குள். வாய் பிளப்பதும் கையை நெஞ்சில் வைப்பதும் அதற்கு அப்புறம்தான். புதிய நடிகர்கள் முதலில் கையை நெஞ்சில் வைத்துவிடுகிறார்கள். அதனால்தான் பொய்யாகத் தெரிகிறது. கண்ணாடி முன் இந்த வரிசையை மெதுவாகப் பழகுங்கள்: இமை, கழுத்து, தோள், முழங்கால். பிறகு வேகத்தைக் கூட்டுங்கள்.

சில இயக்குநர்கள் நடிகருக்குச் சொல்லாமல் பின்னால் தகரத்தைப் போட்டு உண்மையான அதிர்ச்சியை எடுக்கப் பார்ப்பார்கள். ஒரு டேக்குக்கு அது வேலை செய்யலாம். அதே சத்தத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டால் உடல் பழகிவிடும். அடுத்தடுத்த டேக்குகளில் ஒன்றும் வராது. வரிசையைத் தெரிந்து வைத்திருப்பவர் எத்தனை டேக் எடுத்தாலும் புதிதாகத் திடுக்கிடுவார். சொல்லாமல் பயமுறுத்துவதற்கு நான் சம்மதிப்பதில்லை என்பதை ஒப்பந்தம் பேசும்போதே சொல்லிவிடுகிறேன். நீங்களும் சொல்லலாம். நடிகர் தடுக்கி விழுந்து பல் உடைந்தால் அந்த ஷாட்டால் யாருக்கும் பயன் இல்லை.

பயம் அதற்குப் பிறகு வருவது. அது பெரும்பாலும் அசையாமல் இருக்கும். கோட்டையடியில் மேயும் மான்களை இரவில் கவனித்துப் பாருங்கள். நம் காலடி கேட்டதும் அவை உடனே ஓடுவதில்லை. தலையைத் தூக்கி, காதைத் திருப்பி, முழு உடலையும் நிறுத்திவிடும். மனிதனும் முதலில் அப்படித்தான் நிற்கிறான். அந்த நிறுத்தத்தில் மூச்சு மார்பின் மேற்பகுதிக்கு ஏறும், விழுங்குவது கடினமாகும், பார்வை ஒரே புள்ளியில் குத்தி நிற்கும். மூச்சை மட்டும் மாற்றினாலே முகம் மாறிவிடும் என்பதைப் பயிற்சியில் கண்டுகொள்வீர்கள். மூச்சை உள்ளே இழுத்துவிட்டு வெளியே விடாமல் வசனத்தைச் சொல்லிப் பாருங்கள். குரல் தானாக மெலியும்.

பயத்தின் படிகளைப் பிரித்து வைத்துக்கொள்வதும் முக்கியம். படம் கதை வரிசையில் எடுக்கப்படாது. முதல் நாளே உச்சக் காட்சியை எடுப்பார்கள். கடைசி நாளில், இன்னும் ஒன்றும் நடக்காத தொடக்கக் காட்சியை எடுப்பார்கள். நான் ஒரு கொப்பியில் ஒவ்வொரு காட்சிக்கும் மூன்று வரி எழுதுவேன்: இந்தக் காட்சிக்கு முன் எனக்கு என்ன தெரியும், இந்தக் காட்சியில் என்ன தெரிந்துகொள்கிறேன், இதற்குப் பிறகு எதை யாரிடமிருந்து மறைக்கிறேன். மர்மப் படத்தில் இந்தக் கொப்பி இல்லாமல் போக வேண்டாம். கொலை நடந்ததே தெரியாத காட்சியில் துக்கத்தோடு வந்து நிற்கும் நடிகரைப் படத்தொகுப்பில் காப்பாற்ற முடியாது.

கூத்துப் பழகி வந்தவர்களுக்கு ஒரு சொல். வடமோடியும் தென்மோடியும் ஆடியவர்களின் காலும் மூச்சும் உறுதியானவை. இரவு முழுக்கத் தளராமல் நிற்பார்கள். அந்த வலிமையை அப்படியே கொண்டு வாருங்கள். கூத்து ஆடும் களரியில் கடைசி வரிசைக்குத் தெரியும்படி விரித்த முகத்தை மட்டும் கமராவுக்கு முன்னால் சுருக்கிக்கொள்ளுங்கள். நெருக்கக் காட்சியில் புருவம் சற்று ஏறினாலே திரை முழுக்க ஏறியதாகத் தெரியும்.

இல்லாததைப் பார்ப்பது

பேயைப் பிற்பாடு சேர்ப்பார்கள், அல்லது காட்டவே மாட்டார்கள். நீங்கள் சுவரில் ஒட்டிய ஒரு துண்டு டேப்பைப் பார்த்துப் பயப்பட வேண்டியிருக்கும். டேப்பைப் பார்க்கிறவர் கண்ணில் டேப்தான் தெரியும். ஆகவே ஒளிப்பதிவாளரிடம் மூன்றைக் கேளுங்கள்: அது எவ்வளவு உயரம், எவ்வளவு தூரம், அசைகிறதா. உங்களோடு நிற்கும் மற்ற நடிகர்களும் அதே விடையை வைத்திருக்க வேண்டும். ஒருவர் கூரையையும் மற்றவர் வாசலையும் பார்த்தால் காட்சி அங்கேயே சரிந்துவிடும்.

அதன் பிறகு, உருவம் முழுவதையும் கற்பனை செய்ய முயல வேண்டாம். ஒரு சின்ன விவரம் போதும். கால் நிலத்தில் முட்டவில்லை, அல்லது முகத்தில் சிரிப்பு இருக்கிறது, கண்ணில் இல்லை. உங்களை மட்டும் கலங்கச் செய்யும் விவரமாக இருக்கட்டும். யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

இருட்டில் நிற்க வேண்டிய இடத்தில் சரியாக நிற்பதும் கலைதான். நிலத்தில் போட்ட அடையாளம் தெரியாது. பாதம் உணரும்படி மெல்லிய மரச்சட்டம் ஒன்றை வைக்கச் சொல்லுங்கள், அடிகளை எண்ணி நடந்து பழகுங்கள். விளக்கின் சூடு கன்னத்தில் படும் இடத்தில் நின்றால் வெளிச்சத்தில் நிற்கிறீர்கள் என்று பொருள்.

அலறலும், அதைக் கேட்கும் ஊரும்

அலறல் தொண்டையிலிருந்து வந்தால் மறுநாள் குரல் இருக்காது. கொட்டாவி விடுவதுபோல் தொண்டையைத் திறந்து, தாடையைத் தளர்த்தி, வயிற்றைக் கொண்டு மூச்சைத் தள்ளுங்கள். தொடக்கத்தில் மென்மையாக ஊளையிட்டு மேலே ஏறி இறங்கிப் பழகுங்கள். தொண்டையில் கீறல் உணர்ச்சி வந்தால் அன்றைக்கு அதோடு நிறுத்திவிடுங்கள். ஒத்திகையில் வாயை மட்டும் திறந்தால் போதும். தூரக் காட்சியிலும் சத்தம் தேவையில்லை என்று இயக்குநரிடம் சொல்லி, முழு அலறலை நெருக்கக் காட்சிக்கும் டப்பிங்குக்கும் சேமியுங்கள். ஒலிப்பதிவாளருக்கு முன்கூட்டிச் சொல்லாமல் அலறக் கூடாது. அவர் காதில் ஹெட்ஃபோன் இருக்கிறது. குரல் கரகரப்பு இரண்டு வாரம் தாண்டினால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போங்கள்.

இன்னொன்று: அலறலுக்கு முந்திய மூச்சு அலறலைவிடப் பயங்கரமானது. அந்த உள்மூச்சை மைக் பிடிக்கும்படி இழுங்கள். சில காட்சிகளில் இயக்குநர் அலறலை வெட்டிவிட்டு மூச்சை மட்டும் வைத்துக்கொள்வார்.

இனி ஊரைப் பற்றி. இங்கே வாழ்கிறவர்கள் 2009 வரை நீடித்த போரில் எத்தனையோ இரவுகளைக் கதவைப் பூட்டிக்கொண்டு கடந்தவர்கள். நடுஇரவில் ஒரு பெண்ணின் அலறலோ கதவைத் தட்டும் சத்தமோ கேட்டால், "யாரோ படம் எடுக்கிறார்கள்" என்பது இங்கே பலருக்கும் முதலில் தோன்றும் எண்ணமில்லை. ஆகவே இரவு அலறல் காட்சி இருந்தால், அன்று மாலையே அந்த ஒழுங்கையில் வீடு வீடாகப் போய்ச் சொல்லுங்கள். தமிழ், சிங்களம் இரண்டிலும் ஒரு துண்டுப் பிரசுரம் கொடுங்கள். வயதானவர் இருக்கும் வீட்டில் இரண்டு முறை சொல்லுங்கள். இது தயாரிப்பாளரின் வேலை என்றாலும் துணை நடிகர்களாகிய நாம் கூடப் போவது நல்லது. அலறப்போகும் முகத்தை முன்னமே பார்த்தவர்களுக்குப் பதற்றம் குறையும்.

கடற்கரைக் காட்சிகளில் இன்னும் கவனம் வேண்டும். 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலையில் உறவுகளை இழந்த குடும்பங்கள் இந்தக் கரை நெடுகிலும் இருக்கின்றன. கடலைப் பார்த்துக் கூச்சலிட்டுக்கொண்டு ஓடும் காட்சியை அறிவிப்பின்றிக் கரையில் எடுக்கக் கூடாது. கடல் வருகிறது என்ற வசனத்தைப் படப்பிடிப்பில் உரக்கச் சொல்லவே வேண்டாம். உதட்டை அசைத்துவிட்டு டப்பிங்கில் சேர்க்கலாம்.

நம்மோடு நடிக்கும் மூத்தவர்களும் அந்தக் காலத்தைக் கடந்தவர்களே. வீடு புகுந்து ஒருவரை இழுத்துச் செல்லும் காட்சி ஒரு மர்மப் படத்துக்குச் சாதாரணமாக இருக்கலாம். அந்தக் காட்சியில் அம்மாவாக நடிக்கும் பெண்ணுக்கு அது சாதாரணமாக இராது. படப்பிடிப்புக்குச் சில நாட்கள் முன்பே, தனியாக, காட்சியை முழுவதுமாகச் சொல்லிச் சம்மதம் கேட்க வேண்டும். "உங்கள் மகனை நினைத்துக்கொள்ளுங்கள் அம்மா" என்று சொல்லிக் கண்ணீர் எடுக்கிற இயக்குநரை என்னால் மதிக்க முடியாது. உங்கள் பக்கத்தில் அது நடந்தால் காட்சியை நிறுத்தச் சொல்லுங்கள். ஒருவருடைய இழப்பு நமக்கு நடிப்புச் சரக்கு ஆகக் கூடாது.

இரத்தம், லென்ஸ், ஒட்டுத் தோல்

கெட்டியான சீனிப்பாகில் சிவப்பு உணவு நிறம் சேர்த்து, சிறிது கொக்கோத் தூளும் ஒரு சொட்டு நீலமும் கலந்தால் நல்ல இரத்தம் கிடைக்கும். புதுக் காயத்துக்கு நிறம் வெளிச்சமாகவும், காய்ந்த இரத்தத்துக்குக் கொக்கோ கூடிக் கபிலமாகவும் இருக்க வேண்டும். வாய்க்குள் போகும் இரத்தத்தில் சாப்பிடக்கூடியவை தவிர வேறு எதுவும் கலந்திருக்கக் கூடாது. சட்டையில் கறை போவதற்காகச் சவர்க்காரம் கலந்த போத்தலைத் தனியே குறியிட்டு வையுங்கள். சீனி என்பதால் எறும்பும் ஈயும் உடனே வரும். நிலத்தில் கிடக்க வேண்டிய காட்சி என்றால் கீழே துணி விரிக்கச் சொல்லுங்கள். ஒரே நிறத்தில் எத்தனை சட்டை இருக்கிறது என்றும் கேளுங்கள். ஒரே சட்டை என்றால் உங்களுக்கு ஒரே டேக்தான்.

முகத்தில் ஒட்டும் இரப்பர்ப் பாலும் பசையும் சிலருக்கு ஒவ்வாது. முதல் நாளே முன்கையின் உட்பக்கத்தில் சிறிது தடவி மறுநாள்வரை பாருங்கள். கலைக்கும்போது இழுக்காமல் தேங்காய் எண்ணெய் விட்டு மெதுவாக எடுங்கள்.

வெள்ளைக் கண் லென்ஸ்களைக் கண் மருத்துவரைக் கேட்காமல் போட வேண்டாம். இன்னொருவர் போட்டதை ஒருபோதும் வாங்கிப் போட வேண்டாம். அவை பார்வையை மறைக்கும். கையைப் பிடித்து நடத்த ஒருவர் வேண்டும். மணல் காற்று அடிக்கும் கரையில், கடல் நீர் படும் காட்சியில் லென்ஸ் வேண்டாம் என்று மறுத்துவிடுங்கள்.

படத்தில் பிள்ளைகள் நடித்தால், பேயாக வருபவர் அவர்கள் முன்னால் அமர்ந்து ஒப்பனை போட்டுக்கொள்ளட்டும். மாமா எப்படிப் பேயாகிறார் என்று பிள்ளை முழுவதும் பார்க்கட்டும், தூரிகையைத் தொடட்டும். அதன் பிறகு அந்தப் பிள்ளை நடிக்கும். இல்லாவிட்டால் இரவில் தூங்காது.

பிணமாகக் கிடப்பது

படுக்கும்போதே நீண்ட நேரம் கிடக்கக்கூடிய விதமாகப் படுங்கள். கை உடம்புக்கு அடியில் மாட்டினால் விரைவில் மரத்துவிடும். மார்பு தெரியும் ஷாட்டில், தொடங்கும் முன் ஆழமாக மூச்செடுத்துப் பாதியை விட்டு நிறுத்துங்கள். நீண்ட ஷாட் என்றால் வயிற்றின் கீழ்ப்பகுதியால் மெல்ல மூச்சு விடுங்கள். மூடிய இமை துடிப்பதுதான் பலரையும் காட்டிக்கொடுக்கும். இமைக்குள் விழியைக் கீழே பார்த்தபடி வைத்தால் துடிப்பு குறையும். கண் திறந்த பிணம் என்றால், ஷாட்டுக்குச் சற்று முன் இமைத்துவிட்டு, தூரத்தில் ஒரு புள்ளியைத் தெளிவில்லாமல் பாருங்கள். உறவினராக நடிப்பவர் உங்கள்மேல் விழுந்து அழும்போது எங்கே எடையை வைப்பார் என்று ஒத்திகை பாருங்கள்.

கழுத்தை நெரிப்பதும் கத்தியும்

வன்முறைக் காட்சியில் அடிபடுபவர் கையில்தான் கட்டுப்பாடு இருக்க வேண்டும். கழுத்தை நெரிப்பவர் தன் விரல்களைக் காறையெலும்புப் பக்கம் தளர்வாக வைப்பார். குரல்வளையில் அழுத்தம் துளியும் இருக்காது. அடிபடுபவர் அவருடைய மணிக்கட்டைப் பிடித்து, தள்ளுவதுபோல் காட்டித் தன் பக்கமே இழுத்துக்கொள்வார். திணறல் முழுவதும் முகத்திலும் கால்களிலும் வரும். நிறுத்துவதற்கு ஒரு சைகை முடிவு செய்யுங்கள், இரண்டு முறை தட்டுவது போல. வசனத்திலேயே "விடு, விடு" என்று இருக்கும் காட்சியில் சொல்லால் நிறுத்த முடியாது.

உள்ளே மடங்கும் பொய்க் கத்தி சில வேளை மடங்காமல் சிக்கிக்கொள்ளும். அதனால் எந்தக் கத்தியும் உடம்பை நோக்கி நேராக வரக் கூடாது. கமரா கோணம் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். உண்மையான கத்தியை நெருக்கக் காட்சிக்கு மட்டும், எதிரில் ஆளில்லாமல் எடுக்கலாம்.

உரு ஆடும் காட்சி

பேய் பிடித்தவராகவோ உரு வந்தவராகவோ, அதாவது தெய்வம் வந்து ஆடுபவராகவோ, நடிப்பது இங்கே எல்லோருக்கும் வரும் வாய்ப்பு. நம் அம்மன் கோயில் சடங்குகளில் உரு ஆடுபவர்களைச் சின்ன வயதிலிருந்தே பார்த்திருப்போம். பார்த்ததிலிருந்து கற்றுக்கொள்ளலாம்: முதலில் மூச்சு மாறும், பிறகு கால் நடுக்கம், அதன் பிறகே தலையும் கூந்தலும். அந்த ஏற்றம் படிப்படியானது. எடுத்த எடுப்பில் தலையைச் சுழற்றுபவர் கழுத்தையும் நோகடித்துக் காட்சியையும் கெடுப்பார்.

ஊரில் உரு ஆடும் ஒருவரை அடையாளம் தெரியும்படி நகல் எடுக்க வேண்டாம். தெய்வம் வந்து ஆடுவதையும் பேய் பிடித்ததையும் கதை குழப்பினால் இயக்குநரிடம் பேசுங்கள்; நம் மக்களுக்கு இவை இரண்டும் ஒன்றல்ல. வேப்பிலை, திருநீறு, கழிப்புச் சடங்குப் பொருட்கள் போன்றவற்றை வெறும் அலங்காரமாக எறிந்து விளையாடவும் கூடாது. படப்பிடிப்பில் உதவிக்கு நிற்கும் பலர் அவற்றை உண்மையாக நம்புகிறவர்கள்.

டப்பிங்

காற்று, ஜெனரேட்டர், கோயில் மணி, பள்ளிவாசல் பாங்கு, விடியப் புறப்படும் படகுகளின் இயந்திரச் சத்தம் என்று எல்லாம் இருப்பதால் பெரும்பாலான வசனங்களைத் திரும்பப் பேச வேண்டி வரும். டப்பிங் அறையில் உட்கார்ந்து பயத்தைப் பேச முடியாது. எழுந்து நில்லுங்கள், அந்த இடத்திலேயே ஓடுங்கள், சுவரோடு முதுகை அழுத்துங்கள். மூச்சுகள், விம்மல்கள், விழுங்கும் சத்தம் போன்றவற்றைத் தனியாகப் பதிவு செய்து கொடுங்கள். ஒலிக் கலவை செய்பவர் நன்றி சொல்வார். பேச்சு நடையை இந்தியப் படங்களைப் பார்த்து மாற்ற வேண்டாம். பயத்தில் இருக்கும் மூதூர்க்காரன் மூதூர்த் தமிழில்தான் கடவுளைக் கூப்பிடுவான்.

படப்பிடிப்பு முடிந்த இரவு

கடைசி ஷாட் முடிந்ததும் உடனே வண்டியில் ஏற வேண்டாம். உடல் இன்னும் பயந்த நிலையிலேயே இருக்கும்: கை நடுங்கும், கால் குளிரும். முகம் கழுவி, சொந்த உடைக்கு மாறி, சூடாக ஏதாவது குடியுங்கள். உங்களைத் தாக்கியவராக நடித்தவரோடு கொஞ்ச நேரம் உட்கார்ந்து வேறு விடயம் பேசுங்கள். காட்சியில் வெறுப்பு அதிகமாக இருந்தால் இது கட்டாயம். சில நாட்களுக்குப் பிறகும் தூக்கம் கெட்டால், பழைய நினைவுகள் கிளறப்பட்டால், பொது வைத்தியசாலையில் உளநல மருத்துவரைப் பார்ப்பதற்குத் தயங்க வேண்டாம்.

கந்தளாய், ஹபரணைப் பக்கமிருந்து வந்தவர்கள் மோட்டார் சைக்கிளில் நள்ளிரவில் திரும்பக் கூடாது. அந்தப் பாதையில் யானை இறங்கும், தூக்கக் கலக்கத்தில் தூரம் தெரியாது. விடியும்வரை தங்க இடம் தரும்படி ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள்.

படம் வெளியானதும் பொதுத் திரையிடல் ஒன்றுக்குப் போங்கள். முன்வரிசையில் உட்காராமல், பார்வையாளரின் முகம் தெரியும்படி ஓரமாக உட்காருங்கள். எந்த இடத்தில் அவர்கள் அசையாமல் போனார்கள், எந்த இடத்தில் தவறாகச் சிரித்தார்கள், எந்த இடத்தில் கைபேசியை எடுத்தார்கள் என்று கவனித்து, அன்றிரவே கொப்பியில் காட்சி எண்ணோடு எழுதி வையுங்கள்.